பொலியும் பிச்சையும்



தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் சாலையோரங்களைச் சென்று பாருங்கள். அரசுக் கொள்முதல் நிலையங்களின் முன்னே நெற்குவியல்கள் வரிசை வரிசையாய்க் கிடக்கும். ஒவ்வொரு குவியலின் அருகிலும் ஓர் உழவன் காவல் கிடப்பான். பகலில் நெல்லைக் காலால் துழாவி வெயிலில் உலர்த்துவான். இரவில் பனிக்கு அஞ்சித் தன் நெல்லைத் தார்ப்பாயால் போர்த்துவான். தனக்குப் போர்வை உண்டா என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்பர். மழை பெய்த ஆண்டுகளில் அந்த அளவைத் தளர்த்தித் தருமாறு தில்லியிடம் கையேந்தி நிற்க வேண்டும். நெல் விளைந்தது நம் மண்ணில். அதன் ஈரத்துக்கு இசைவு தருவதோ தில்லி!

அந்தச் சாலையின் வழியே தஞ்சை நகருக்குள் வாருங்கள். விளக்கொளி மின்னும் பேரங்காடிகள் வரவேற்கும். 'மலிவு, மலிவு, இதனினும் மலிவு இல்லை' என்று பலகைகள் கூவும். உள்ளே அரிசிப் பைகள் அடுக்கியிருக்கும். பையின் மேல் ஆங்கிலம், பொருட்பெயர் ஆங்கிலம், விலைப்பட்டி ஆங்கிலம். தமிழைத் தேடினால், பையைச் சுமந்து வரும் பணியாளனின் வாயில் மட்டும் அது இருக்கும். நெல்லோடு பனியில் படுத்துக் கிடந்தவனுக்கும் இந்த அங்காடிக்கும் என்ன தொடர்பு? மலிவு மலிவு என்கிறார்களே, அந்த மலிவை யார் கொடுக்கிறார்கள்? யாருடைய பங்கிலிருந்து அதனை வெட்டி எடுக்கிறார்கள்? இந்த வினாவுக்கு விடை தேடவே இக்கட்டுரை எழுந்தது.

விடைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டிலேயே தோன்றி, தமிழ்நாட்டிலேயே வளர்ந்து, இந்தியா முழுவதும் கிளை பரப்பி, ஒரே குளிர்காலத்தில் பட்டுப்போன ஒரு மலிவு விற்பனை நிறுவனத்தின் கதை நம் கண்முன் இருக்கிறது. 'சுபிக்சா' என்னும் பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். அதனைத் தோற்றுவித்தவர் இரா. சுப்பிரமணியன். அவர் வாழ்வைத் தனியொருவரின் ஏற்றத் தாழ்வாக நாம் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு காலத்தின் போக்கு அவ்வாழ்வில் அச்சாகப் பதிந்திருக்கிறது என்பதனாலேயே அதனை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

சுப்பிரமணியன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், பின்னர் அகமதாபாத்து இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்றவர். இவ்விரண்டு கழகங்களும் யாருடைய பணத்தில் நடக்கின்றன? உழவனும் நெசவாளியும் கூலியாளும் ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் சேர்த்துக் கட்டும் வரிப்பணத்தில் நடக்கின்றன. அவ்வகையில் அவர் அறிவின் முதற்கடன் மக்களுக்கே உரியது. 1991-இல் அவர் 'விசுவபிரியா' என்னும் நிதி நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-இல் சென்னைத் திருவான்மியூரில் சுபிக்சாவின் முதற்கடை திறக்கப்பட்டது.

அக்கடையின் அமைப்பு எளியது. எண்ணிப் பார்த்தால் அறிவுடையதுங்கூட. பெரிய கட்டடமில்லை, குளிரூட்டலில்லை, பகட்டில்லை. மக்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு சிறு கடை. அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம், அவற்றோடு மருந்து. மொத்தமாக வாங்கி, அச்சிட்ட விலைக்குக் கீழே விற்பது. மாதச் சம்பளக்காரரும், மருந்துச் செலவில் நலிந்த முதியவரும் அக்கடையை நாடியதில் வியப்பில்லை. அவர்களை நாம் குறை கூறவும் மாட்டோம். நாலு உருபா மிச்சப்படுமென்றால் நடுத்தரக் குடும்பம் நாலு தெரு நடக்கத்தான் செய்யும்.

ஆயின் நின்று நிதானித்து வேரூன்ற அக்கடைக்கு நேரம் தரப்படவில்லை. ஏறத்தாழ 2006 வரை தமிழ்நாட்டளவில் நூற்றுச் சொச்சம் கடைகளாக இருந்த நிறுவனம், 2008-க்குள் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகளாக ஊதிப் பெருத்தது. மளிகை போதாதென்று கைப்பேசிகளையும் விற்கத் தொடங்கியது. ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் என்னும் முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு கொண்டிருந்தது. அதனிடமிருந்து சுபிக்சாவின் நூற்றுக்குப் பத்துப் பங்கை விப்ரோ அசிம் பிரேம்சியின் முதலீட்டு நிறுவனம் 2008-இல் 230 கோடி உருபாவுக்கு வாங்கியது. செய்தித்தாள்கள் புகழ்ந்தன. மேலாண்மைக் கழகங்கள் பாடமாக்கின. விதைத்த மறுநாளே கதிர் பார்க்கும் இவ்வேளாண்மையை அறிவாளர் பலர் வியந்து நின்றனர்!

பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். 'பெயரில் என்ன இருக்கிறது, பருப்பு மலிவாயிருந்தால் போதாதா?' என்பார் உளர். பெயரில்தான் எல்லாமும் இருக்கிறது என்பதற்கு இப்பெயரே சான்று. 'சுபிக்சம்' என்பது வடசொல். அதன் அடிச்சொல் 'பிட்சை'. பிட்சை தாராளமாகக் கிடைக்கும் காலமே சுபிட்சம். கிடைக்காத காலம் துர்ப்பிட்சம். செழிப்பை இரப்போன் கலத்தைக் கொண்டு அளந்த மரபில் பிறந்த சொல் அது.

நம் சொல்லைப் பாருங்கள். களத்துமேட்டில் கதிரடித்து, தூற்றி, பதர் நீக்கிக் குவித்த நெல்லுக்குப் பெயர் 'பொலி'. 'பொலியோ பொலி' என்று குரலெடுத்துக்கொண்டே நம் முன்னோர் நெல்லை அளந்தனர். பொலிதல், பொலிவு முதலியனவும் பொலி என்னும் அச்சொல்லின் உறவுச் சொற்களே. செழிப்பை உழைத்துக் குவித்த நெல்லைக் கொண்டு அளந்த மரபில் பிறந்த சொல் இது. ஒரு மொழி வளத்தை ஏந்திய கையில் கண்டது. மற்றொரு மொழி உழைத்த கையில் கண்டது. தமிழ்நாட்டில் தமிழர்க்கு அரிசி விற்க வந்தவர்க்குப் பொலி என்னும் சொல் கிடைக்கவில்லை, பிட்சைதான் கிடைத்தது. பெயர் வைத்தவர் எண்ணி வைத்தாரா என்பது நமக்கு வேண்டுவதில்லை. தம் மொழியை மறந்தவன் தன் கணக்கையும் மறப்பான் என்பதே நாம் கூற வருவது.

உலகத்தில் மலிவு விற்று வாழ்ந்தவர் வேறெவரும் இலரோ? உளர். செருமனியின் எசன் நகரில் தாய் நடத்திய சிறு மளிகைக் கடையை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆல்பிரெக்டு உடன்பிறந்தார் இருவர் ஏற்று வளர்த்தனர். அவர்கள் தங்கள் குடிப்பெயரின் முதலெழுத்துகளையும் தள்ளுபடி என்னும் சொல்லின் முதலெழுத்துகளையும் இணைத்து 'ஆல்டி' என்று கடைக்குப் பெயரிட்டனர். அமெரிக்காவில் சாம் வால்ட்டன் 1962-இல் தொடங்கிய கடைக்குத் தம் பெயரின் முற்பகுதியையே இட்டு 'வால்மார்ட்டு' என்றார். அவர்கள் வணிக முறையில் நமக்கு உடன்பாடு இல்லாதவை பல உண்டு. வால்மார்ட்டு வந்த ஊர்களில் சிறு கடைகள் மூடப்பட்டதையும், பணியாளர் கூலி குறித்து எழுந்த கண்டனங்களையும் உலகறியும். எனினும் தம் குடிப்பெயரைத் தம் கடை நெற்றியில் எழுத அவர்கள் நாணவில்லை. நாணுகின்ற ஒரே இனம் தமிழினம்! கடைப்பலகையில் தமிழே முதலிடம் பெற வேண்டும் என்னும் விதி தமிழ்நாட்டில் நெடுநாளாகவே இருக்கிறது. அவ்விதியை எந்தத் தெருவில் காண்கிறீர்கள்?

மீண்டும் கணக்குக்கு வருவோம். மலிவு என்பது வானத்திலிருந்து பெய்வதன்று. விலையில் குறைந்த ஒவ்வோர் உருபாவும் ஒருவர் பங்கிலிருந்து குறைந்ததே. விற்பவர் தம் ஆதாயத்தைக் குறைத்துக்கொண்டால் அது நேர்மையான மலிவு. வீண்செலவைக் குறைத்தாலும் நேர்மையே. அவ்விரண்டும் ஓர் எல்லைக்கு மேல் செல்லா. அதற்கு மேலும் மலிவு வேண்டுமென்றால் நான்கு பேரில் ஒருவரைத்தான் அழுத்த வேண்டும். விளைவித்தவன், வேலை செய்தவன், சரக்குக் கொடுத்தவன், கடன் கொடுத்தவன் என்பாரே அந்நால்வர்.

முதலில் விளைவித்தவனைப் பார்ப்போம். 2024-25 பருவத்தில் பொது வகை நெல் 100 கிலோவுக்கு நடுவணரசு அறிவித்த விலை 2,300 உருபா. தமிழ்நாட்டரசு ஊக்கத்தொகையாக 105 உருபா சேர்த்து 2,405 உருபா தந்தது. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 67 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்குரிய நெல்லின் விலை மட்டுமே ஏறத்தாழ 36 உருபா ஆகிறது. அவித்தல், அரைத்தல், ஏற்றுகூலி, இறக்குகூலி, கோணி, வண்டி, கடை, ஆதாயம் யாவும் இதன் மேல்தான் ஏற வேண்டும். தவிடும் உமியும் விற்று ஆலைக்காரர் சிறிது ஈடு செய்யலாம். எனினும் அவ்விலைக்கு அருகில் அரிசி விற்கும் கடையைக் கண்டால், 'நெல்லை அரசு விலைக்குக் கீழே விற்றுவிட்டுப் போன உழவன் எவன்?' என்று கேளுங்கள்.

அவன் யார் என்பதைக் காவிரிப் படுகையில் பிறந்தவர் அறிவர். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை காத்திருக்க முடியாதவன் அவன். கதிரறுப்புப் பொறிக்குக் கூலி கட்ட வேண்டும், கடன் கொடுத்தவன் வாயிலில் நிற்கிறான், வானம் கருக்கிறது. களத்துக்கே வரும் இடைவணிகன் சொன்ன விலைக்கு நெல்லைத் தள்ளிவிட்டு அவன் வீடு திரும்புகிறான். மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டுக் கேட்கின்றனர் என்னும் முறையீடும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வருகிறது. நகரத்தான் மிச்சப்படுத்திய நாலு உருபாவின் வேர் அங்கே இருக்கிறது.

இன்னொரு கொடுமையையும் காண்க. பொன்னி என்பது காவிரியின் பெயர். 1986-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நெல் வகைக்கு வெள்ளைப் பொன்னி என்று பெயர். இன்று தஞ்சை அங்காடியிலேயே 'கருநாடகப் பொன்னி' என்று எழுதிய பைகள் அடுக்கியிருக்கின்றன. நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு வழங்கிய 419 டி.எம்.சி. நீரளவை, உச்ச வழக்குமன்றம் 2018-இல் 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அந்நீரும் கருநாடகத்திலிருந்து உரிய திங்களில் வருவதில்லை. சூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று ஏங்கி ஏங்கிக் குறுவையை இழந்த ஆண்டுகள் பல. பொன்னியாறு வரவில்லை, பொன்னி அரிசி வருகிறது! ஆற்றை அங்கே வைத்துக்கொண்டு ஆற்றின் பெயரை மட்டும் நமக்கு விற்கின்றனர். நாமும் விலை மலிவென்று வாங்கிப் போகிறோம்.

இரண்டாவது, வேலை செய்தவன். 'சம்பளம்' என்னும் சொல்லைப் பாவாணர் வழிவந்த சொல்லாய்வினர் சம்பு, அளம் என்று பிரிப்பர். சம்பு நெல், அளம் உப்பு. நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்தின் சொல் அது. நெல்லையே கூலியாகக் கொடுத்த இம்மண்ணில் அக்கூலிக்காக நடந்த கொடுமையை மறக்க முடியுமா? 1968 திசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போயினர். கூலியைச் சற்றே உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. தஞ்சை நெல்லின் விலையில் அந்தச் சாம்பலும் கலந்திருக்கிறது. அவர்களை எரித்தவரும் தமிழரே என்பதை இந்நேரத்தில் நாம் மறைக்கப் போவதில்லை. கூலியை மறுப்பவன் எம்மொழி பேசினும் பகைவனே.

சுபிக்சாவில் நடந்ததும் கூலி நின்ற கதைதான். 2008-இன் இறுதியில் உலகெங்கும் பணப்புழக்கம் இறுகியது. கடன் மேல் கடன் வாங்கிக் கடை மேல் கடை திறந்த நிறுவனத்துக்குப் புதுக்கடன் கிடைக்கவில்லை. பணியாளர்க்குச் சம்பளம் நின்றது. சரக்குக் கொடுத்தோர்க்கு விலை நின்றது. கட்டட உரிமையாளர்க்குக் குடிக்கூலி நின்றது. 2009 தொடக்கத்தில் கடைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான இளைஞர், அவர்களில் பலர் சிற்றூர்களிலிருந்து நகருக்கு முதன்முறை வேலைக்கு வந்தவர், பூட்டிய கதவின் முன் நின்றனர். நெல்லும் உப்புமாகக் கூலி கொடுத்த மண்ணில், நெல்லும் உப்பும் விற்ற கடை அவற்றை எடைபோட்டவனுக்குச் சம்பளம் தரவில்லை.

மூன்றாவது, சரக்குக் கொடுத்தவன். பெரிய நிறுவனங்களுக்கு இழப்பு வந்தால் கணக்கேட்டில் ஒரு வரி எழுதித் தள்ளிவிடும். அப்பளமும் ஊறுகாயும் மசாலைப் பொடியும் செய்து தரும் சிறு தொழிலாளி எங்கே எழுதித் தள்ளுவான்? பேரங்காடி எதுவாயினும், அது தவணை தவறும்போது முதலில் நசுங்குவது அடுப்படித் தொழில்தான். குடந்தையிலும் மன்னார்குடியிலும் தலைமுறையாய் மளிகை நடத்துவோரைக் கேட்டுப் பாருங்கள். 'எங்களிடம் வாங்குவோர்க்கு நாங்கள் கடன் கொடுத்தோம். இவர்கள் தங்களுக்குக் கொடுத்தவரிடமே கடன் வைத்தனர்' என்பர். அறுவடை வரை பொறுத்திருந்து, நெல் விற்ற பணத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் அந்தச் சிறுகடையே உழவன் வீட்டுக்கு உண்மையான வைப்பகமாய் இருந்தது. எடைக்கல்லில் ஏமாற்றியவரும் அவர்களிடையே உண்டு. வட்டி மேல் வட்டி வாங்கியவரும் உண்டு. அவரை நாம் காக்க வரவில்லை. எனினும் அக்கடைக்காரன் தெருவில் நடந்தாக வேண்டும். கோயில் திருவிழாவில் நம் முகம் பார்த்தாக வேண்டும். முகமற்ற பேரங்காடிக்கு அந்த நாணம் இல்லை.

நான்காவது, பணம் கொடுத்தவன். இவனே மிகவும் இரங்கத்தக்கவன். சுப்பிரமணியன் 1991-இல் தொடங்கிய விசுவபிரியா நிறுவனம் மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் வைப்புத்தொகை திரட்டியது. பணம் திரும்பவில்லை. தமிழ்நாட்டு வைப்பாளர் நலக் காப்புச் சட்டத்தின்படி வழக்கு நடந்தது. வைப்பகக் கடன் ஏய்ப்பு வழக்கொன்றிலும் 2018-இல் அமலாக்கத்துறை அவரைத் தளையிட்டது. 2023 நவம்பரில் சென்னைச் சிறப்பு வழக்குமன்றம் வைப்பாளர் வழக்கில் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டம் விதித்தது. 587 வைப்பாளர்க்குச் சேர வேண்டிய ஏறத்தாழ 137 கோடி உருபா திரும்பவில்லை என்பது அவ்வழக்கு. ஓய்வூதியம் பெற்றவர், மகளின் திருமணத்துக்குச் சேர்த்தவர், முதுமைக்கு ஊன்றுகோலாய்ப் பணம் வைத்தவர் இத்தகைய திட்டங்களில்தான் சிக்குகின்றனர். தாம் உழைத்துச் சேர்த்த பொலியை இழந்து, வழக்குமன்ற வாயிலில் ஆண்டுக்கணக்காகக் கையேந்தி நிற்கின்றனர். பிட்சையில் தொடங்கிய பெயர் எங்கே வந்து முடிந்தது, பார்த்தீர்களா?

இவர் தஞ்சை உழவரை நேரே ஏய்த்தார் என்று நாம் கூறவில்லை. ஒருவரைச் சிறையில் அடைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றும் கூறவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதிய தாள்கள் எங்கே? ஆண்டுக்கு ஆயிரம் கடை என்பதை வளர்ச்சி என்று கைதட்டிய அறிஞர் எங்கே? கணக்குப் பாராமல் கடன் அளந்த வைப்பகங்கள் எங்கே? உழவன் பயிர்க்கடன் ஐம்பதாயிரம் கேட்டால் பட்டா, சிட்டா, அடங்கல், ஈட்டுக்கு நகை என்று பன்முறை நடக்க வைப்பவர்கள், பளபளப்பான அறிக்கை ஒன்றைக் கண்டதும் கோடி கோடியாய்க் கொடுத்தது எப்படி? வீழ்ந்தவர் ஒருவர், வீழ்த்திய முறை அப்படியே நிற்கிறது. இன்றும் வேறு பெயரில், வேறு பலகையில், கைப்பேசித் திரையிலேயே சில நிமையத்தில் அரிசி வரும் என்னும் புதுக் கூவலோடு அது வந்துகொண்டிருக்கிறது. அங்கும் ஆதாயமில்லாமல் விற்று, முதலீட்டாளர் பணத்தைக் கரைத்து, தெருக்கடையை மூட வைத்தபின் விலையேற்றும் கணக்குத்தானா என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

'அப்படியானால் எளியோர்க்கு மலிவே வேண்டாவா?' என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கு நேரிய வழி உண்டு. 1844-இல் இங்கிலாந்து நாட்டு இராச்டேல் ஊரில் நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் 28 பேர் தங்கள் சிறு காசைச் சேர்த்து ஒரு கடை திறந்தனர். கலப்படமில்லாத மாவு, சரியான எடை, வந்த ஆதாயம் வாங்கியவர்க்கே திரும்பப் பங்கு. இவ்வளவுதான் அவர்கள் வணிகத் தந்திரம். அவ்வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு நகரக் கூட்டுறவுக் கடை தோன்றியது. நூறாண்டு கடந்தும் அப்பெயர் நிலைத்தது. பூம்புகார் வணிகர் நடுவுநிலையோடு பண்டங்களை விற்றதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அப்பட்டினம் நம் காவிரியின் வாயிலேதான் இருந்தது. அல்லங்காடியும் நாளங்காடியும் நடத்திய இனத்துக்குப் பேரங்காடி நடத்த மேலை நாட்டான் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வாழ்வையும் காட்டி முடிக்கிறோம். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒருவர் இருந்தார். மேலாண்மைக் கழகத்தில் பயிலாதவர். முதலீட்டாளர் எவரும் அவரைத் தேடி வந்ததில்லை. நம்மாழ்வாரின் வழி நின்று, மறைந்துபோகவிருந்த மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குடவாழை, தூயமல்லி முதலிய 170-க்கு மேற்பட்ட நம் நெல்வகைகளைத் தேடித் தேடி மீட்டார். மக்கள் அவர் பெயருக்கு முன் 'நெல்' என்னும் பட்டத்தைச் சேர்த்தனர். நெல் செயராமன் என்றால் அறியாத உழவர் இலர். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் விழா நடத்தி, வந்தவர்க்கெல்லாம் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்தார். விலையில்லை, ஒரே ஒரு கட்டளை. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

'இரண்டுக்கு நான்கு என்றால் நூற்றுக்கு நூறு வட்டியன்றோ?' என்று கணக்குப் படித்தவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அந்த நான்கு கிலோ அவர் வீட்டுக்குப் போகவில்லை. மேலும் இரண்டு உழவர்க்கு விதையாயிற்று. அவ்வட்டியை உழவன் கட்டவில்லை, மண் கட்டியது. இரண்டு கிலோ விதை மூட்டையாய்ப் பெருகும் மண்ணில் நான்கு கிலோ கொடுப்பவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. விசுவபிரியா வாக்களித்த வட்டி அடுத்தவன் பையிலிருந்து வர வேண்டியது. செயராமன் கேட்ட வட்டி நிலத்திலிருந்து வந்தது. முன்னது பிச்சை, பின்னது பொலி. 2018 திசம்பர் 6 அன்று செயராமன் நோயுற்று மறைந்தார். அவர் மூடிவிட்டுப் போன கடை ஒன்றுமில்லை. அவர் கொடுத்த விதை இன்றும் படுகையின் வயல்களில் முளைக்கிறது. இரு வாழ்வையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது வளர்ச்சி?

தமிழர்களே! நாம் செய்ய வேண்டியவை நம் கைக்கெட்டாதவை அல்ல.

அரிசி வாங்கும்போது விலையை மட்டும் கேளாதீர். எந்த ஊர் நெல், எந்த வகை நெல் என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரன் பலகையில் எழுதி வைப்பான். அப்பலகையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊர் உழவர் குழுவோ மகளிர் குழுவோ நெல்லை அரைத்துத் தந்தால் இரண்டு உருபா கூடினும் அதனையே வாங்குங்கள். அந்த இரண்டு உருபா உங்கள் தெருவுக்கே திரும்பி வரும். உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் உறுப்பினராகுங்கள்; அங்கே எடையும் கணக்கும் சரியில்லையெனில் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேளுங்கள். மிகுந்த வட்டி தருகிறோம் என்று எவன் வந்தாலும், 'அவ்வட்டி எந்த மண்ணில் விளைகிறது?' என்னும் ஒரே வினாவைக் கேளுங்கள். விடை வராதெனில் பணத்தைக் கொடாதீர்.

அரசுக்கும் சொல்கிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் கூரை போடுங்கள். காத்திருக்கும் உழவனுக்கும் சேர்த்துப் போடுங்கள். 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் செய்தீர்கள். நன்று. நிலத்தைக் காத்தால் போதாது. நிலத்தில் நிற்பவனையும் காக்க வேண்டும். கடைப்பலகை விதியைத் தாளில் வையாமல் தெருவில் நிறுத்துங்கள்.

மொழியும் சோறும் இரண்டல்ல என்க. எந்த இனம் தன் வளத்துக்குரிய சொல்லை மறந்ததோ, அந்த இனம் தன் வளத்தையும் பிறன் கையில் கொடுத்துவிட்டுக் கடைவாயிலில் நிற்கும். நாம் நின்றது போதும். தை வரும், களத்துமேட்டில் நெல் குவியும். அன்று நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் குவியலின் முன் நிறுத்தி அதன் பெயரைச் சொல்லிக் கொடுப்போம்.

பொலி! பொலியோ பொலி!